தோற்பதற்கும் உரிமை வேண்டும்



2016 ஜனவரி 16, சனிக்கிழமை. டெல்லி விஞ்ஞான் பவனில் 'ஸ்டார்ட்அப் இந்தியா' திட்டத்தைப் பிரதமர் தொடங்கி வைத்தார். புதிய தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு 10,000 கோடி ரூபாய் நிதி, மூன்றாண்டு வருமான வரி விலக்கு, நாடெங்கும் இன்குபேட்டர்கள் என்று அறிவிப்புகள் வந்தன. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஐதராபாத் பல்கலைக்கழக விடுதி அறை ஒன்றில் ரோகித் வெமுலா இறந்துகிடந்தார். அறிவியல் எழுத்தாளனாக ஆசைப்பட்ட ஆராய்ச்சி மாணவர் அவர், அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்தவர். ஏழு மாத ஆராய்ச்சி உதவித்தொகை, 1,75,000 ரூபாய், அவருக்கு வர வேண்டியிருந்தது.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தலையங்கம். இரண்டுமே அரசு ஆராய்ச்சிக்குக் கொடுக்கிற பணத்தைப் பற்றிய செய்திகள். ஒன்றில் பணம் கூப்பிட்டுக் கொடுக்கப்படுகிறது. இன்னொன்றில் கொடுக்க வேண்டிய பணம் நிறுத்திவைக்கப்படுகிறது. யாருக்கு எது என்பதை நாம் யாரும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

'இன்குபேட்டர்' என்றால் நமக்கெல்லாம் அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தையை வைக்கிற கண்ணாடிப் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். இதுவும் கிட்டத்தட்ட அதுதான். ஒருவனிடம் ஒரு யோசனை இருக்கிறது. அது இன்னும் தொழிலாகவில்லை, பொருளாகவில்லை. வெளியே விட்டால் செத்துப்போகும். அதனால் பல்கலைக்கழகத்துக்குள்ளோ ஐ.ஐ.டி.க்குள்ளோ அவனுக்கு ஒரு இடம் கொடுக்கிறார்கள். மேசை, மின்சாரம், ஆய்வுக்கூடம், வக்கீல், ஆடிட்டர், யோசனை சொல்ல ஆள் எல்லாம் அங்கே உண்டு. செலவுக்குப் பணமும் உண்டு. ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 'நிதி பிரயாஸ்' திட்டத்தில் ஒரு மாதிரிக் கருவி செய்து பார்க்க 10 லட்சம் வரை கொடுக்கிறது. 2021-இல் தொடங்கிய 945 கோடி ரூபாய் 'ஸ்டார்ட்அப் இந்தியா' விதை நிதியில் யோசனையை நிரூபித்துக்காட்ட 20 லட்சம் வரை கொடுக்க வழி செய்தார்கள். தமிழ்நாடு அரசின் 'டான்சீட்' திட்டத்தில் 10 லட்சம் உண்டு.

இதில் நாம் கவனிக்க வேண்டிய சொல் 'மானியம்'. செய்து பார்த்தான், கருவி ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். கணக்கைக் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். யாரும் வீட்டு வாசலில் வந்து நிற்க மாட்டார்கள். அடுத்த தடவை அவன் விண்ணப்பம் போடும்போது முந்தின தோல்வி 'அனுபவம்' என்ற பெயரில் உள்ளே எழுதப்படும். ஆராய்ச்சிப் பணம் என்றால் உலகம் முழுக்க இதுதான் அர்த்தம். பத்துப் பேர் செய்து பார்த்தால் ஒருவன் ஜெயிப்பான், ஒன்பது பேர் தோற்பான். அந்த ஒன்பது பேரின் தோல்விக்கும் சேர்த்து ஊர்ப்பணம் செலவாகும். அது தப்பு என்று நான் சொல்லவில்லை. அப்படித்தான் புதுசாக எதுவும் பிறக்கும். ஊர்ப்பணத்தில் தோற்றுப்பார்க்கிற அந்த அனுமதி இந்த நாட்டில் யாருக்குக் கொடுக்கப்படுகிறது என்பதுதான் நம்முடைய கேள்வி.

2015 சுதந்திர தினத்தன்று செங்கோட்டையில் இரண்டு பெயர்கள் ஒரே மூச்சில் சொல்லப்பட்டன. ஒன்று 'ஸ்டார்ட்அப் இந்தியா', இன்னொன்று 'ஸ்டாண்ட்அப் இந்தியா'. முதலாவது புறப்பாடு, இரண்டாவது எந்திரிச்சு நில்லு. 2016 ஏப்ரல் 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட இந்த இரண்டாவது திட்டம்தான் தலித்துகளையும் பழங்குடிகளையும் பெண்களையும் பெயர் சொல்லி அழைத்தது. ஆனால் இது மானியம் இல்லை, கடன். 10 லட்சத்திலிருந்து 1 கோடி வரை. ஒவ்வொரு வங்கிக் கிளையும் ஒரு தலித் அல்லது பழங்குடிக்கும், ஒரு பெண்ணுக்கும் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. அன்றைக்கு நாட்டில் கிளைகள் 1.25 லட்சம் என்று கணக்கு. ஆக, குறி 2.5 லட்சம் பேர்.

நான் வங்கியில் எழுத்தர் வேலை பார்க்கிறவன். கூட்டல் கழித்தல் பார்க்கிறதுதான் பிழைப்பு. அதனால் அரசே வெளியிட்ட கணக்கை எடுத்து ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். 2024 நவம்பர் வரை பட்டியல் சாதியினர் கணக்குகள் 46,248. பழங்குடியினர் கணக்குகள் 15,228. பெண்கள் கணக்குகள் 1,90,844. மொத்தம் 2,52,320. குறி தாண்டியாச்சு என்று விழா எடுக்கலாம். ஆனால் கிளைக்கு ஒரு தலித் அல்லது பழங்குடி என்று பார்த்தால் 1,25,000 பேர் இருந்திருக்க வேண்டும். இருப்பது 61,476. எட்டரை வருஷத்தில் இரண்டு கிளைக்கு ஒரு ஆள்கூடத் தேறவில்லை. பெண்கள் பக்கம் கூடியதில் நமக்குச் சந்தோஷம்தான். அதில் எத்தனை பேர் தலித் பெண்கள் என்று அந்தக் கணக்கு சொல்லவில்லை. ஒரு பக்கத்துக் குழியை இன்னொரு பக்கத்து மண்ணால் மூடி, தரை சமமாகிவிட்டது என்று காட்டுகிற வேலைதான் இது. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டம் முடிந்தது. அந்த ஆண்டு பட்ஜெட்டில், முதல்முறை தொழில் தொடங்கும் பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் 5 லட்சம் பேருக்கு 2 கோடி வரை கடன் என்று புதிதாக ஒன்றை அறிவித்தார்கள். இதிலும் மூன்று பேரையும் ஒரே சாக்கில் போட்டுத்தான் கட்டியிருக்கிறார்கள்.

ஏன் தேறவில்லை? காரணத்தைத் தேடி ரொம்ப தூரம் போக வேண்டாம். எந்த ஊர் வங்கியிலும் நடப்பதைச் சொல்கிறேன். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். இங்கே டிப்ளமோ முடித்த நம்ம தம்பி ஒருவன். அம்மா தறிக்கூடத்தில் தார் சுற்றுகிறவர். சாதாரணத் தறியில் ஊடை அறுந்தால் தறி தானாக நிற்கும். பாவு இழை அறுந்தால் பெரும்பாலும் நிற்காது, ஆள் பார்க்கிற வரைக்கும் ஓடும், துணியில் கோடு விழும், அந்தச் சேலைக்கான கூலியில் கை வைப்பார்கள். இழை அறுந்ததும் தறியை நிறுத்துகிற ஒரு சின்னக் கருவியைக் குறைந்த விலையில் செய்ய முடியும் என்பது தம்பியின் யோசனை. ஒன்று செய்து பார்க்க ஒன்றரை லட்சம் ஆகும் என்றான். கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனான்.

"செக்யூரிட்டி என்னப்பா இருக்கு?"

"ஐடியா இருக்கு சார்."

"ஐடியாவ அடமானம் எழுத முடியாதுல்லா. ஓடுத தொழிலாப் பாத்துச் சொல்லு, ஆட்டோ, மாடு, அந்த மாதிரி."

அந்த அதிகாரி கெட்டவர் இல்லை. கடன் என்பதன் தர்மப்படிதான் பேசியிருக்கிறார். வங்கி கொடுப்பது மக்கள் போட்டு வைத்த பணம், திரும்பி வந்தாக வேண்டும். இன்னும் நிரூபிக்காத யோசனைக்குக் கடன் சரிப்படாது, மானியம்தான் சரிப்படும். அந்த மானியம் இருக்கிற இடத்துக்கு வழி சொன்னேன். பஸ் ஏறிப் போனான். அங்கே விண்ணப்பம் இங்கிலீஷில். ஐந்து நிமிஷம் எழுந்து நின்று பேச வேண்டும், அதுவும் இங்கிலீஷில். பேராசிரியர் யாருடைய சிபாரிசாவது உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாள் கூலி போச்சு. இப்போது திருப்பூரில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். பாவு இழை இங்கே இன்னும் அறுந்துகொண்டுதான் இருக்கிறது.

வசதியுள்ளவன் தோற்றால் அப்பனிடம் பணம் இருக்கிறது, மாமனுக்குக் கம்பெனி இருக்கிறது. நம்மவன் தோற்றால் வட்டிக்காரன் வருவான், தங்கச்சி கல்யாணம் நிற்கும், ஊரே கூடி "இவனுக்கு என்னத்துக்கு இந்த வேலை" என்று கேட்கும். அப்படியிருக்க, தோற்றாலும் பாதகமில்லாதவனுக்கு மானியம், தோற்கவே முடியாதவனுக்குக் கடன் என்பது என்ன நியாயம்?

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் 'விஸ்வகர்மா' திட்டம் வந்தது. குடும்பத் தொழிலாக 18 கைத்தொழில்களைச் செய்கிறவர்களுக்குக் கடன். செருப்புத் தைக்கிறவர், துணி வெளுக்கிறவர், முடி திருத்துகிறவர் எல்லாரும் பட்டியலில் இருக்கிறார்கள். குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை எடுக்கச் சொன்ன தமிழ்நாடு அரசு, அது நடக்காததால் தனியாகக் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. 1953-இல் குலக்கல்வியை எதிர்த்த மண் இது, அந்த எதிர்ப்பு சரியே. ஆனால் ஒட்டுமொத்தப் படத்தைப் பாருங்கள். ஒருவனுக்கு நாளைய தொழிலைக் கண்டுபிடிக்க மானியம். இன்னொருவனுக்கு அப்பன் செய்த தொழிலையே தொடர ஐந்து சதவீத வட்டியில் கடன். மனு எழுதி வைத்ததை இப்போது திட்ட அறிக்கையில் எழுதுகிறார்கள்.

இங்கே நம் தோழர்களே ஒரு கேள்வி கேட்பார்கள். இதெல்லாம் முதலாளித்துவ மாயை, 'வேலை தேடாதே, வேலை கொடு' என்று சொல்லி இடஒதுக்கீட்டைக் குழிதோண்டிப் புதைக்கிற தந்திரம், இதில் நமக்கு என்ன பங்கு என்பார்கள். கேள்வியில் பாதி சரி. அரசு வேலைகள் சுருங்கச் சுருங்க இந்த முழக்கம் ஓங்கி ஒலிப்பது தற்செயல் இல்லை. பின்னடைவுக் காலியிடங்களை நிரப்பாமல் வைத்துக்கொண்டு "நீயே முதலாளியாகு" என்று சொல்வது ஏமாற்று. புத்தொழில் நிதி இடஒதுக்கீட்டுக்கு மாற்றாக ஒருபோதும் ஆகாது. தனியார் துறையிலும் இடஒதுக்கீடு வேண்டும் என்ற கோரிக்கையிலிருந்து ஒரு அடியும் நாம் பின்வாங்கவில்லை.

மற்ற பாதியில்தான் எனக்கு உடன்பாடில்லை. இது யாருடைய பணம்? தார் சுற்றுகிற அம்மா வாங்குகிற சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் வரி இருக்கிறது. 2023-இல் சட்டமான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு ஐந்தாண்டில் 50,000 கோடி என்று திட்டம் போட்டிருக்கிறார்கள். 2025 ஜூலையில் தனியார் நிறுவனங்களின் ஆராய்ச்சிக்காக, குறைந்த வட்டியிலோ வட்டி இல்லாமலோ நெடுங்காலக் கடன் கொடுக்க 1 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. கவனியுங்கள், வட்டி இல்லாக் கடன்கூட அங்கேதான் இருக்கிறது. இவ்வளவு பெரிய பொதுச்சொத்து கைமாறும்போது "நமக்கு வேண்டாம், அது மாயை" என்று ஒதுங்கி நிற்பது, ஊர்ப் பொதுக்குளத்தில் நமக்குப் பாத்தியதை இல்லை என்று நாமே எழுதிக் கொடுப்பதற்குச் சமம். மகாத்தில் 1927-இல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளியது தாகத்துக்கு மட்டுமா?

நமக்கென்று ஒதுக்கியவையும் இருக்கின்றன. அவற்றை மறைக்கக் கூடாது. 2020 செப்டம்பர் 30-ஆம் தேதி ஒன்றிய சமூகநீதி அமைச்சகம் அம்பேத்கர் பெயரில் ஒரு புத்தாக்க இயக்கத்தைத் தொடங்கியது. இன்குபேட்டர்களில் இருக்கும் பட்டியல் சாதி இளைஞர்களின் நிறுவனங்களில் மூன்றாண்டில் 30 லட்சம் முதலீடு, நான்காண்டில் 1,000 பேர் என்பது இலக்கு. தமிழ்நாடு அரசு 2022-23-இல் 30 கோடி ரூபாயோடு பட்டியலினத்தவர், பழங்குடியினர் புத்தொழில் நிதியைத் தொடங்கி, அடுத்த ஆண்டு 50 கோடியாக உயர்த்தியது. அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 விழுக்காடு மூலதன மானியமும் 6 விழுக்காடு வட்டி மானியமும் உண்டு. இவை நல்ல திட்டங்கள். மாணவத் தோழர்கள் பெயர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், போய்க் கேளுங்கள். ஆனால் அங்கே 1 லட்சம் கோடி, இங்கே 50 கோடி என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2011 கணக்குப்படி நாம் 20 விழுக்காடு. பெரிய வாய்க்காலில் நம் பங்கைக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி கட்டி, அதில் அம்பேத்கர் பெயரை எழுதி வைக்கிற வழக்கம் இந்த நாட்டில் பழையது.

அதோடு பணம் மட்டும் போதாது. இதற்கு அம்பேத்கர் வாழ்க்கையே சாட்சி. 1913-இல் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் கொடுத்த மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகையில் அவர் கொலம்பியா போனார். பொதுப்பணம் ஒரு தீண்டப்படாதவனின் அறிவுக்குச் செலவான கதை அது. 1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததால் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே தங்க அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். பட்டம் இருந்தது, அரசு வேலை இருந்தது, மன்னரின் ஆதரவு இருந்தது, தலை சாய்க்க இடம் இல்லை. பிறகு சேமிப்பு, நண்பரிடம் கடன், கோலாப்பூர் சாகு மகராஜின் உதவி என்று சேர்த்துக்கொண்டு 1920-இல் மறுபடியும் லண்டன் போனார். 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய ஆய்வுக்கு முனைவர் பட்டம் வாங்கினார். பாதியில் நின்றுபோன ஒருவருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைத்ததால் நமக்கு ஒரு அரசியல் சட்டம் கிடைத்தது. அவர் வைஸ்ராய் நிர்வாக சபையில் இருந்த காலத்தில்தான், 1944-இல், நம் பிள்ளைகளுக்கான மேல்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. நம்மில் பாதிப்பேர் படித்தது அதில்தான்.

இன்றைய இன்குபேட்டர் என்பது அந்தப் பரோடா அறைதான். உள்ளே யார் இருக்கிறார்கள், யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதே கேள்வி. பெரிய இன்குபேட்டர்கள் பலவும் ஐ.ஐ.டி. போன்ற நிறுவனங்களுக்குள் இருக்கின்றன. அந்த ஐ.ஐ.டி.களில் ஆசிரியர் பணி இடஒதுக்கீட்டை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று ஆராய டெல்லி ஐ.ஐ.டி. இயக்குநர் தலைமையில் போட்ட குழு, 2020-இல் என்ன பரிந்துரைத்தது தெரியுமா? ஐ.ஐ.டி.களுக்கு அந்த இடஒதுக்கீட்டிலிருந்தே விலக்கு வேண்டும் என்றது. வெளியே இருக்கிற முதலீட்டு உலகம் எப்படி? இந்தியாவின் 1,000 பெரிய கம்பெனிகளின் இயக்குநர் குழுக்களை ஆராய்ந்து 2012-இல் வெளிவந்த கட்டுரை, அதில் சுமார் 93 விழுக்காடு முன்னேறிய சாதிகள், பட்டியல் சாதி பழங்குடி இருவரும் சேர்ந்து 3.5 விழுக்காடு என்றது. தேர்வுக்குழு, வழிகாட்டி, முதலீட்டாளர் எல்லாரும் ஒரே தெருவிலிருந்து வந்தால், 'தகுதி' என்ற சொல்லுக்கு அந்தத் தெருவின் பேச்சுமொழிதான் இலக்கணமாகும். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ கம்பெனி வந்தது. கணினித் தொழில் கிராமத்துக்கும் வரும் என்று காட்டியது. நல்லது. ஆனால் கிராமத்துக்கு வருவதும் சேரிக்கு வருவதும் ஒன்று இல்லை. கிராமத்தைப் பற்றிய மயக்கம் வேண்டாம் என்று 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையிலேயே அம்பேத்கர் எச்சரித்துவிட்டார்.

சந்தையும் அப்படியே. நம் சங்கரன்கோவில் வட்டாரத்தில், கரிவலம்வந்தநல்லூர் பக்கம் பாஞ்சாகுளத்தில், 2022 செப்டம்பரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மிட்டாய் வாங்கப் போன நம் பிள்ளைகளிடம், உங்க தெருவுக்குக் கொடுக்கக் கூடாதுன்னு ஊர்க்கட்டுப்பாடு, வீட்டுல போய்ச் சொல்லுங்க என்று கடைக்காரர் சொன்ன காட்சியை நாடே பார்த்தது. கைது நடந்தது, கடைக்கு சீல் வைத்தார்கள். காசு கொடுத்து வாங்க வந்த குழந்தைக்கே சந்தை கதவைச் சாத்தும் என்றால், விற்க வருகிறவனை என்ன செய்யும்? நல்ல யோசனைக்குச் சந்தை தானாக வழிவிடும் என்று இன்குபேட்டர் வகுப்பில் பாடம் நடத்துகிறவர்கள் ஒரு தடவை பாஞ்சாகுளம் வரைக்கும் வந்து போகட்டும். அதனால்தான் சொல்கிறேன், அரசே முதல் வாடிக்கையாளராக இல்லாமல் நம் நிறுவனம் எதுவும் நிற்காது.

கடைசியாக, அறிவு யாருடையது என்ற விஷயம். மலக்குழியில் மனிதன் இறங்குவதை நிறுத்தக் கருவிகள் வந்திருக்கின்றன. கேரளத்தில் 2018-இல் 'பாண்டிகூட்' என்ற ரோபோவை இளம் பொறியாளர்களின் நிறுவனம் ஒன்று கொண்டுவந்தது, அந்த மாநில ஸ்டார்ட்அப் மிஷன் துணை நின்றது. சென்னை ஐ.ஐ.டி. 2022-இல் 'ஹோமோசெப்' என்ற கருவியை சஃபாய் கர்மசாரி ஆந்தோலனின் உதவியோடு களத்துக்குக் கொண்டுவந்தது. வரவேற்கிறோம். ஒரு உயிர் மிஞ்சினாலும் அது பெரிசு. ஆனால் எந்தக் குழியில் விஷவாயு எந்த நேரத்தில் தேங்கும், மூடியைத் திறந்து எவ்வளவு நேரம் காத்திருக்கணும், கயிறு எந்தப் பக்கம் இழுக்கும் என்ற அறிவெல்லாம் தலைமுறை தலைமுறையாக உள்ளே இறங்கிச் செத்தவர்களின் அறிவு. கருவியை ஓட்ட நம் ஆளுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். காப்புரிமையிலும் கம்பெனிப் பங்கிலும் அவன் பெயர் வரும் நாள் எப்போது?

ஒரு எண் என்னை உறுத்துகிறது. மலக்குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபர் 20-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்னால் 10 லட்சமாக இருந்தது. அம்பேத்கர் பெயரிலான திட்டத்தில் நம் இளைஞனின் யோசனைக்கும் 30 லட்சம். செத்தால் 30, சிந்தித்தால் 30. இதில் முதல் 30 லட்சம் தேவைப்படாத நாள் வர வேண்டும் என்றால், இரண்டாவது 30 லட்சம் சரியான கைக்குப் போக வேண்டும். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பெண் பொறியியல் படித்துவிட்டு அந்தக் குழியைப் பற்றி யோசித்தால் அவளைவிடத் தகுதியானவர் எந்த ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்?

நமக்குள்ளேயும் பேச வேண்டியது ஒன்று உண்டு. அருந்ததியருக்கு 2009-இல் தமிழ்நாட்டில் 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தது. உள்ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்ட் 1-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இந்த நிதிகளிலும் அந்தக் கணக்கு வேண்டும். நகரத்தில் இரண்டு தலைமுறை படித்த நம் குடும்பங்களே எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டால், ஐ.ஐ.டி.யைப் பார்த்து நாம் கேட்கும் கேள்வியை நம்மைப் பார்த்து அருந்ததியர் தோழர் கேட்பார். பதில் சொல்ல வாய் வராது.

ஆகவே நாம் முன்வைப்பவை:

ஒன்று, பொதுப்பணம் வாங்கும் ஒவ்வொரு இன்குபேட்டரும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தது என்பதைச் சாதிவாரியாகவும் பால்வாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பெயர் வேண்டாம், எண் போதும்.

இரண்டு, தனித்தொட்டி போதாது. ஆராய்ச்சி நிதி, விதை நிதி எல்லாவற்றிலும் மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு வேண்டும். பட்டியலினத்தவர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டத்துக்காகத் தமிழ்நாடு சட்டமன்றம் 2024-இல் சட்டமே இயற்றியிருக்கிறது. அதைப் புத்தொழில் துறையிலும் அமல்படுத்துங்கள்.

மூன்று, மாதிரிக் கருவி செய்யும் கட்டத்தில் நம் இளைஞர்களுக்குக் கடன் கூடாது, மானியம்தான் வேண்டும். விண்ணப்பமும் நேர்காணலும் தமிழில் நடக்கட்டும். வந்து போகிற நாளுக்குக் கூலி கொடுங்கள்.

நான்கு, இன்குபேட்டரை ஐ.ஐ.டி. மதில் சுவருக்குள் மட்டும் வைக்காமல் அரசு பாலிடெக்னிக்கிலும், ஐ.டி.ஐ.யிலும், ஆதிதிராவிடர் நல விடுதியிலும் வையுங்கள். தேர்வுக்குழுவில் தலித், பழங்குடி நிபுணர்கள் இருக்க வேண்டும்.

ஐந்து, தூய்மைப் பணி, தோல், தறி ஆகியவற்றில் வரும் கருவிகளில் தொழிலாளர் கூட்டுறவுகளுக்குப் பங்குரிமை வேண்டும்.

ஆறு, ஆராய்ச்சி உதவித்தொகையைத் தண்டனையாக நிறுத்துவது குற்றமாக்கப்பட வேண்டும். ரோகித்துக்குப் பிறகும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பதே வெட்கக்கேடு.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை. 2005 தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும். உங்கள் ஊருக்குப் பக்கத்தில், அரசுப் பல்கலைக்கழகத்திலோ அரசு நிறுவனத்திலோ இருக்கிற இன்குபேட்டர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மூன்றே கேள்விகள் போதும். தொடங்கிய நாளிலிருந்து எத்தனை பேருக்கு எவ்வளவு பணம் கொடுத்தீர்கள்? அதில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர், அருந்ததியர், பெண்கள் தனித்தனியாக எத்தனை பேர்? தேர்வுக்குழுவில் எத்தனை பேர்? "அப்படிக் கணக்கு வைக்கவில்லை" என்று பதில் வந்தாலும் தூக்கிப் போடாதீர்கள், அதுவும் ஒரு பதில்தான். நகல் எடுத்து நம் இதழ் முகவரிக்கு அனுப்புங்கள். வருகிறதை வருகிறபடியே, நிறுவனத்தின் பெயரோடு, அடுத்த இதழில் அச்சிடுவோம். அதை வைத்துக்கொண்டு நெல்லையிலும் மதுரையிலும் கூட்டம் போடலாம்.